அடுத்த ராஜா யார்?: ஜாஸ் ட்ரம்பெட்டும் வாரிசுரிமைக் கதையாடலும்

ஜாஸ் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு ஒருமுறை, 'இன்றைய நம்பிக்கைக்குரிய இளம் ட்ரம்பெட் கலைஞர்கள்' என்று ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும்கூடப் பட்டியல்கள் வருவதுண்டு. ஆனால் ட்ரம்பெட் பட்டியலுக்கு மட்டும் ஒரு தனிப் பரபரப்பு, பட்டத்துக்கு இளவரசன் தேடுகிற தொனி. நண்பர்கள் என்னிடமும் கேட்கிறார்கள்: "பழசெல்லாம் போதும், இப்ப யாரக் கேக்கலாம், சின்ன வயசுக்காரங்க யாராவது இருந்தா சொல்லு." சொல்லலாம். பெயர்கள் இருக்கின்றன, இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. யார் யாரைக் 'கண்டுபிடிக்கிறார்கள்' என்பதில் ஓர் அதிகாரம் பதுங்கியிருக்கிறது. கொலம்பஸ்கூட அமெரிக்காவைக் 'கண்டுபிடித்தவன்'தானே.

நியூ ஆர்லியன்ஸில் இருந்து தொடங்குவோம். அங்கே கார்னெட் ஊதியவர்களுக்கு 'ராஜா' என்று பட்டம். (நம்ம ஊர் ராஜாவை இதற்குள் இழுக்க வேண்டாம், அது தனிச் சண்டை.) முதல் ராஜா பட்டி போல்டன், 1877இல் பிறந்தவர். 1907இல் லூசியானா மாநிலத்தின் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, 24 வருஷம் அங்கேயே கிடந்து, 1931இல் செத்துப்போனார். அவர் வாசித்த ஒரு நொடிகூட ஒலிப்பதிவாக நம்மிடம் இல்லை. ஜாஸ் ட்ரம்பெட்டின் வம்சாவளி முழுவதும், யாரும் கேட்டிராத ஒரு சத்தத்திலிருந்து கிளைப்பதாகச் சொல்லப்படுகிறது. மூலம் இல்லாத பிரதிகளின் வரிசை என்று நம் கோட்பாட்டாளர்கள் எழுதினால் மூக்கைச் சுளிக்கிறவர்கள் இந்த உதாரணத்தை யோசித்துப் பார்க்கலாம். போல்டனின் சிம்மாசனம் காலியாக இருந்ததால்தான் அதில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்க முடிந்தது.

அடுத்த ராஜா ஃப்ரெடி கெப்பர்ட். 1910களின் நடுவில் ஒரு ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டபோது, தன் வாசிப்பை மற்றவர்கள் திருடிவிடுவார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கூலி விஷயத்தில் தகராறு என்பது இன்னொரு கதை. எதுவானாலும் 1917இல் முதல் ஜாஸ் ரெக்கார்டு என்று வெளிவந்தது ஐந்து வெள்ளைக்காரர்கள் வாசித்தது. அதில் கார்னெட் ஊதிய நிக் லரோக்கா, ஜாஸே வெள்ளையர்கள் உருவாக்கியதுதான் என்று பிற்காலத்தில் சாதித்துக்கொண்டிருந்தார். கெப்பர்ட் பயந்தது வீண் பயமல்ல. முதலில் பதிவானவன் முதலில் வாசித்தவன் ஆகிவிடுகிறான். ஆவணம் என்பதே அதிகாரத்தின் ஒரு வடிவம் என்று நாம் படிக்கிறோமே, அது இங்கே 78 சுற்று அரக்குத் தட்டாகச் சுழல்கிறது.

மூன்றாவது ராஜா ஜோ ஆலிவர். அவருடைய சுவீகாரப் பிள்ளை மாதிரி லூயி ஆம்ஸ்ட்ராங். 1922இல் ஆலிவர் சிகாகோவுக்குக் கூப்பிட்டார், இவர் போனார், மற்றதெல்லாம் பாடப்புத்தகம். ஆனால் ஆம்ஸ்ட்ராங்கை முதலில் 'கண்டுபிடித்தது' ஆலிவர் அல்ல, போலீஸ். 1912 டிசம்பர் 31 இரவு தெருவில் துப்பாக்கியை மேலே நீட்டிச் சுட்டதற்காகப் பதினொரு வயதுப் பையனைப் பிடித்துக் கறுப்புச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் போட்டார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் கையில் கார்னெட்டைக் கொடுத்தார். சிறை கலைஞனை உருவாக்கியது என்று உருகி எழுதுகிறார்கள். அரசின் தண்டனை இயந்திரத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஆம்ஸ்ட்ராங்கே பிற்காலத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே கர்னோஃப்ஸ்கி என்ற ஏழை யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியில் வேலை செய்தபோது தகர ஊதல் ஊதிக் கூட்டம் சேர்த்ததையும், அடகுக் கடையில் கிடந்த கறுத்துப்போன கார்னெட்டை 5 டாலருக்கு வாங்க அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்து உதவியதையும் சொல்கிறார். தெருவும் அடகுக்கடையும் சேர்ந்து செய்த வேலையைச் சீர்திருத்த இல்லம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

இந்த ராஜா கதையாடலில் இரண்டு விதிகள் அடங்கியிருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே ராஜா. ராஜா ஆண்.

இளமை என்ற மூன்றாவது விதி பின்னால் சேர்ந்தது. அதற்குக் கருவியின் உடம்பே ஒரு காரணம் கொடுக்கிறது. ட்ரம்பெட்டில் மூன்றே பிஸ்டன். அவற்றை அழுத்தியும் விட்டும் கிடைப்பவை ஏழெட்டுச் சேர்க்கைகள்தான். மற்ற சுரங்கள் எல்லாம் உதட்டிலும் மூச்சிலும் உண்டாக வேண்டும். ரீடு கிடையாது, தந்தி கிடையாது. அதிர்கிற பொருள் வாசிக்கிறவனின் சொந்தச் சதை. உதடு போச்சுன்னா எல்லாம் போச்சு. ஆம்ஸ்ட்ராங் 1930களில் மேல் ஸ்தாயியை நூற்றுக்கணக்கான தடவை தொட்டுக் காட்டி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டார், சில காலம் வாசிக்க முடியாமலும் போனது. ஆகவே இந்தக் கருவியில் மட்டும் இளமை என்பது வெறும் அழகியல் விஷயமாக இல்லாமல் தசை விஷயமாகவும் தெரிகிறது. சர்க்கஸ் பார்ப்பது போலக் கேட்கிற ஒரு பழக்கத்தை இது உண்டாக்கிவிட்டது.

அதோடு இளம் சாவுகள். ஃபேட்ஸ் நவாரோ 1950இல், 26 வயதில், காசநோயும் ஹெராயினும் சேர்ந்து. கிளிஃபர்ட் ப்ரௌன் 1956இல், 25 வயதில், இரவில் காரில் ஊர்விட்டு ஊர் போகையில் விபத்து. புக்கர் லிட்டில் 1961இல், 23 வயதில், சிறுநீரகக் கோளாறு. மூன்று பேரும் மகா கலைஞர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ப்ரௌனின் வாசிப்பில் இருக்கிற அந்தத் தெளிவு, ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்த மாதிரி நிற்பது, இன்றும் பிரமிக்கவைக்கிறது. ஆனால் விமர்சகர்களுக்கு இறந்துபோன இளைஞர்கள்மேல் இருக்கிற காதல் எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவன் ஏமாற்ற மாட்டான். அவன் நிரந்தரமாக 'நம்பிக்கைக்குரியவன்'. அந்த மூன்று பேரில் ஒருவர் காசநோயிலும் ஒருவர் இரவுப் பயணத்திலும் போனார்களே, கறுப்புக் கலைஞர்களின் கூலியும் மருத்துவமும் பயண நிலைமையும் அன்றைக்கு எப்படி இருந்தன என்ற பேச்சு, 'காலன் பறித்த மொட்டு' என்கிற வாக்கியங்களுக்குள் காணாமல் போய்விடுகிறது. மாறாக டாக் சீத்தம் என்று ஒருவர் இருந்தார். 1905இல் பிறந்து, பல பத்தாண்டுகள் அடுத்தவர் வாத்தியக்குழுக்களில் பின்வரிசையில் உட்கார்ந்து ஊதிவிட்டு, எழுபதைத் தாண்டிய பிறகுதான் தனியாளாகப் பேர் வாங்கினார். 1997இல் தொண்ணூற்றொரு வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசியாக அவரோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டவர் நிக்கலஸ் பேட்டன் என்ற இருபத்து மூன்று வயதுப் பையன். இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட எழுபது வருஷம். கேட்டுப் பாருங்கள், எது இளமை என்று தீர்மானிப்பது கஷ்டம்.

சரி, 1950களுக்குப் பிறகு கண்டுபிடிக்கும் வேலையை யார் செய்தார்கள்? பெருமளவுக்கு வாத்தியக்குழுத் தலைவர்கள். அதில் ஆர்ட் பிளேக்கியின் பெயர் தவிர்க்க முடியாதது. அவர் ட்ரம்பெட்காரர் அல்ல, டிரம்ஸ். 1954 தொடங்கி 1990இல் சாகும்வரை அவர் மேடையில் ஏறி இறங்கிய ட்ரம்பெட்காரர்களின் வரிசையைப் பாருங்கள்: கிளிஃபர்ட் ப்ரௌன், லீ மார்கன், ஃப்ரெடி ஹப்பர்ட், வுடி ஷா, மாஸ்கோவிலிருந்து வந்த வலேரி பொனொமரேவ், வின்டன் மார்சாலிஸ், டெரன்ஸ் பிளான்சார்ட். அது ஒருவகைக் குருகுலம். இருபது வயதுப் பையனை இரவுதோறும் தனி ஆவர்த்தனத்துக்குத் தள்ளுவார். பின்னால் இருந்து டிரம்ஸால் விரட்டுவார். ஓரிரண்டு வருஷத்தில் 'போய் உன் குழுவை வை' என்று அனுப்பிவிடுவார். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, சம்பளம் உண்டு. குருகுலங்கள் மீது எனக்குப் பொதுவாக மயக்கம் கிடையாது. ஆனாலும் பின்னால் வந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஒரே ஒரு விஷயம், ட்ரம்பெட்டோடு அந்த மேடைக்கு வந்து பேர் வாங்கியவர்கள் எல்லாருமே ஆண்கள்.

கிளோரா ப்ரயன்ட்டின் கதையைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். டெக்சாஸில் 1927இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதும் பெண்கள் வாத்தியக்குழுக்களுக்கு ஒரு வாசல் திறந்தது, அதன் வழியாக வந்தார். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அந்த வாசல் சாத்தப்பட்டது. (பஞ்சாலைகளிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் நடந்ததுதான் இசையிலும் நடந்தது.) லாஸ் ஏஞ்சலிஸின் சென்ட்ரல் அவென்யூ கிளப்புகளில் ப்ரயன்ட் வாசித்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி அவரை மதித்தார், ஆதரித்தார். இதெல்லாம் இருந்தும் அவர் பெயரில் வந்தது ஒரே ஒரு இசைத்தட்டு, 1957இல். தலைப்பு 'கால் வித் எ ஹார்ன்', அதாவது ட்ரம்பெட் வைத்திருக்கிற பெண்பிள்ளை. அதில் அவர் பாடவும் செய்கிறார். பெண் என்றால் பாடகி என்கிற சந்தையின் எதிர்பார்ப்புக்கு உள்ளே நின்றுகொண்டே அவர் ட்ரம்பெட்டை எடுக்கிற இடங்களில் திடீரென்று அறையின் கதவு திறந்த மாதிரி இருக்கிறது. 1989இல், யாரும் கூப்பிடாததால் தானே கோர்பச்சேவுக்குக் கடிதம் எழுதி, அழைப்பு வாங்கி, சோவியத் யூனியனுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார். 2019இல் இறந்தார். எந்த 'இளம் நம்பிக்கை' பட்டியலிலும் இல்லாமலே முதியவராகி முடிந்துபோன வாழ்க்கை. டாலி ஜோன்ஸ் 1926லேயே ஜாஸ் கார்னெட்டைப் பதிவு செய்த பெண். அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிற ஜாஸ் ரசிகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1980கள். ரீகன் காலம். சிடி என்ற புதுப் பண்டத்தை விற்க வேண்டிய கம்பெனிகளுக்கு ஒரு புது முகம் தேவைப்பட்டது. பிளேக்கி குழுவிலிருந்து வந்த வின்டன் மார்சாலிஸ் கிடைத்தார். நியூ ஆர்லியன்ஸ்காரர், இருபது வயது, செவ்வியல் இசையிலும் தேர்ச்சி, அழகான சூட். 1984இல் ஜாஸ், செவ்வியல் இரண்டிலும் ஒரே வருஷத்தில் கிராமி வாங்கினார், மறுவருஷமும் அதையே செய்தார். அவருக்குப் பின்னால் 'இளம் சிங்கங்கள்' என்று ஒரு பட்டாளத்தையே சந்தை இறக்கியது. மார்சாலிஸ் லிங்கன் சென்டரில் ஜாஸுக்கு ஒரு நிறுவனத்தைக் கட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு எலிங்டனின் இசைக்கோவைகளை இலவசமாக அனுப்புகிற திட்டத்தைக் கொண்டுவந்தார். இவை சின்ன விஷயங்கள் அல்ல. டல்லாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கேட்டு அடையாளம் காட்டிய ராய் ஹார்க்ரோவ் எப்பேர்ப்பட்ட கலைஞன் ஆனான்! ஆனால் மார்சாலிஸின் ஜாஸ் வரலாறு ஒரு புனித நூல் மாதிரி மூடப்பட்டது. 1960களின் கலகக்காரர்களுக்கு அதில் பெரிதாக இடம் இல்லை. அவரை எதிர்த்துப் பகிரங்கமாகச் சண்டை போட்டவர்களில் முக்கியமானவர் இன்னொரு ட்ரம்பெட்காரர், லெஸ்டர் போவி. சிகாகோவின் கறுப்பு இசைஞர்கள் 1965இல் தாங்களே தொடங்கிய கூட்டமைப்பிலிருந்து வந்தவர். மேடையில் வெள்ளை ஆய்வகக் கோட் போட்டுக்கொண்டு நிற்பார். ஒருவர் சூட், ஒருவர் ஆய்வகக் கோட். பாரம்பரியம் என்பது காப்பாற்ற வேண்டிய சொத்தா, சோதித்துப் பார்க்க வேண்டிய பொருளா என்ற விவாதத்தை அந்த இரண்டு உடைகளும் நடத்திக்கொண்டிருந்தன. நான் போவியின் பக்கம். அவர் ட்ரம்பெட்டில் சிரிப்பார், முனகுவார், ஏப்பம்கூட விடுவார்.

பிளேக்கி செத்த பிறகு கண்டுபிடிக்கும் உரிமை கல்லூரிக்கும் போட்டிக்கும் மாறியது. கட்டணம் கட்டிப் படிக்கிற ஜாஸ். தெலோனியஸ் மாங்க் பெயரில் (2019 முதல் ஹெர்பி ஹான்காக் பெயரில்) இயங்குகிற நிறுவனம் 1987 முதல் நடத்திவருகிற போட்டியில் 1990, 1997, 2007, 2014 ஆண்டுகளில் ட்ரம்பெட்டுக்கு முறை வந்தது. மாங்க் எந்தப் போட்டியிலாவது ஜெயித்திருப்பாரா என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் நிறுவனம் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் நிறுவனத்தின் பிள்ளைகளாகவே இருந்துவிடுவதில்லை. 2007இல் ஜெயித்த ஆம்ப்ரோஸ் அகின்முசிரேதான் இதற்குச் சாட்சி. அவரைப் பற்றி நின்று பேச வேண்டும்.

1982இல் பிறந்து ஓக்லாண்டில் வளர்ந்தவர். தகப்பனார் நைஜீரியர், தாயார் மிசிசிப்பி. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே சாக்ஸபோன்காரர் ஸ்டீவ் கோல்மன் கவனித்து, பத்தொன்பது வயதில் தன் குழுவோடு ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதாவது பழைய மேடைக் குருகுலமும் புதிய போட்டியும் இவரிடத்தில் சந்திக்கின்றன. போட்டியில் ஜெயித்து, ப்ளூ நோட் கம்பெனியில் 2011இல் போட்ட முதல் இசைத்தட்டில் 'மை நேம் இஸ் ஆஸ்கர்' என்று ஒன்று இருக்கிறது. 2009 புத்தாண்டு அதிகாலையில் ஓக்லாண்ட் ரயில் நிலையத்தில், குப்புறப் படுக்கவைக்கப்பட்ட நிலையில் ரயில்வே போலீஸ்காரன் ஒருவன் முதுகில் சுட்டுக் கொன்ற ஆஸ்கர் கிரான்ட் என்ற இளைஞனைப் பற்றியது. அதில் டிரம்ஸ் இருக்கிறது, அகின்முசிரேயின் பேச்சுக் குரல் இருக்கிறது. ட்ரம்பெட் இல்லை! எந்தக் கருவிக்காகப் பரிசு வாங்கினாரோ அந்தக் கருவி அங்கே வாயை மூடிக்கொள்கிறது. 2014 இசைத்தட்டில் ஒரு குழந்தை, போலீஸ் வன்முறையில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி வாசிக்கிறது. எதிர்ப்புப் பாடல் என்றால் உரத்த குரல் என்று பழகிப்போன நமக்கு (நம் மேடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்) இந்த அடங்கிய தொனி முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். அவருடைய ட்ரம்பெட்டும் அப்படித்தான். வழுக்கும், விக்கும், சுரம் பாதியில் காற்றாகப் போய்விடும். சர்க்கஸ் கிடையாது. 2023 முதல் அதே ஹான்காக் நிறுவனத்தின் கலை இயக்குநராகவும் இருக்கிறார். நிறுவனம் அவரை என்ன செய்யும், அவர் நிறுவனத்தை என்ன செய்வார் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸின் க்ரிஸ்டியன் ஸ்காட் (1983) இன்னொரு விதம். பாட்டன் காலத்திலிருந்தே அந்நகரத்தின் 'கறுப்பு இந்தியர்' ஊர்வல மரபின் தலைவர்கள் குடும்பம். நகரப் போலீஸ் தன்னை நடுராத்திரி மறித்து அவமானப்படுத்தியதைப் பற்றி 2010இல், போலீஸையும் கு க்ளக்ஸ் கிளானையும் ஒரே பெயராக ஒட்டிவைத்த தலைப்பில் ஓர் இசை செய்தார். பிறகு அடிமைமுறை ஒட்டிவைத்த பெயரை உதறி, இப்போது சீஃப் ஷியன் அடுன்டே அட்ஜுவா. 'ஜாஸ்' என்ற சொல்லையும் வேண்டாம் என்கிறார். 2023இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில் ட்ரம்பெட்டே கிடையாது, தானே வடிவமைத்த ஒரு தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறார். 'அடுத்த ராஜா' என்று பத்திரிகைகள் தூக்கிவைத்த இரண்டு பேர், தம் வாழ்க்கையின் முக்கியமான தருணங்களில் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார்கள். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கீயான் ஹாரல்ட் மிசௌரியின் ஃபெர்குசனில் வளர்ந்தவர். ஆம், 2014இல் மைக்கேல் ப்ரௌன் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஃபெர்குசன். 2017இல் வந்த தன் இசைத்தட்டில் அவனுக்காக ஓர் ஒப்பாரி வாசித்திருக்கிறார். மைல்ஸ் டேவிஸ் பற்றிய 2015 திரைப்படத்தில் நடிகர் டான் சீடில் ட்ரம்பெட்டை வாயில் வைக்கும்போது நமக்குக் கேட்பது ஹாரல்டின் வாசிப்பு. அந்த மைல்ஸை 1959 ஆகஸ்டில், தன் பெயர் வெளியே எழுதித் தொங்குகிற கிளப்பின் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் போலீஸ்காரன் தலையில் அடித்து ரத்தம் ஒழுகவைத்தான். 2020 டிசம்பரில் அதே நகரத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் ஹாரல்டின் பதினான்கு வயது மகனை, செல்போன் திருடிவிட்டான் என்று சொல்லி ஒரு பெண் பிடித்து இழுத்தாள். போன் டாக்சியில் கிடைத்தது. மைல்ஸாக ஒலிக்கிற வேலை கிடைத்தால் மைல்ஸின் மற்ற அனுபவங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இனி ஜேமி ப்ராஞ்ச். இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர் அவர்தான் என்று சொல்லலாம். 1983இல் பிறந்தவர், சிகாகோவில் தேறியவர், வெள்ளையினப் பெண், பங்க் இசை கேட்டு வளர்ந்தவர், ஹெராயினோடு நெடுங்காலம் போராடியவர். பல ஆண்டுகள் மற்றவர்களின் பதிவுகளில், சின்னச் சின்ன அரங்குகளில். தன் பெயரில் முதல் இசைத்தட்டு 'ஃப்ளை ஆர் டை' 2017இல்தான் வந்தது, சிகாகோவின் இன்டர்நேஷனல் ஆந்தம் என்ற சிறு நிறுவனத்திலிருந்து. அப்போது வயது முப்பத்து மூன்று. 'இளம் சிங்க'க் கணக்குப்படி அது ஓய்வுபெறுகிற வயது. குழுவில் ட்ரம்பெட், செல்லோ, பேஸ், டிரம்ஸ். 2019இல் வந்த இரண்டாவதில் அமெரிக்காவுக்காக ஒரு பிரார்த்தனை என்ற தலைப்பில் (நாட்டின் பெயரில் மூன்று 'கே' போட்டு எழுதியிருப்பார்) பாட்டும் வசையும் கலந்து அகதிகளைப் பிடித்து அடைக்கிற அரசைத் திட்டுகிறார். தொப்பி, டிராக் சூட், உரத்த சிரிப்பு. வாசிப்பில் முரட்டுத்தனமும் ஒரு மெட்டைக் கையில் எடுத்துவிட்டால் அதைத் தாலாட்டுகிற மென்மையும் ஒன்றாக இருக்கும். 2022 ஆகஸ்டில், 39 வயதில் இறந்துபோனார். கிட்டத்தட்ட முடித்து வைத்திருந்த மூன்றாவது இசைத்தட்டைக் குழுவினரும் குடும்பத்தினரும் சேர்ந்து 2023இல் வெளியிட்டார்கள். 'இளம் நம்பிக்கை' என்று உலகம் அவரை அழைத்தது மொத்தம் ஐந்து வருஷம். அதற்கு முந்தைய பதினைந்து வருஷமும் அவர் ஊதிக்கொண்டுதான் இருந்தார்.

இங்கேதான் கேள்வியை மாற்றிப் போட வேண்டும். அடுத்த ராஜா யார் என்பதை விட்டுவிட்டு, யாருக்குப் பக்கத்தில் யார் நின்று ஊதுகிறார்கள் என்று பார்க்கலாம். 1990களில் எனக்கு ஜாஸ் வந்தது கேசட்டில், நண்பர்கள் பதிந்து கொடுத்தது. மேலே பால்பாயின்ட் பேனாவில் 'மைல்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். கூட வாசித்தவர்கள் யார் என்று தெரிய வழியே இல்லை. ராஜா பெயர் மட்டும் எஞ்சுகிற அமைப்பு அந்த அட்டையிலேயே இருந்தது. இன்று இணையத்தில் எல்லாம் கேட்கக் கிடைக்கிறது, ஆனால் செயலிகள் அதே வேலையைத்தான் செய்கின்றன. தலைவர் பெயர் பெரிதாக, மற்றவர்கள் எங்கோ உள்ளே. ஆகவே தேடுகிறவர்களுக்கு என் ஒரே ஆலோசனை, பின்வரிசைப் பெயர்களைப் படியுங்கள். கிதார்காரர் மேரி ஹால்வர்சனின் 'அமரிலிஸ்' (2022) கேட்டால் ஆடம் ஓஃபாரில் கிடைப்பார். 1994இல் பிறந்தவர், கியூபாவிலிருந்து வந்த இசையமைப்பாளர் சிக்கோ ஓஃபாரிலின் பேரன். 2014 போட்டியில் சிகாகோவின் மார்க்விஸ் ஹில் முதலிடம் வாங்க, இவர் மூன்றாமிடம். ஹில்லும் அருமையான கலைஞர், நிதானமான, வட்டமான நாதம். ஆனால் என் காதுக்கு அந்த வருஷத்தின் பெரிய செய்தி மூன்றாமிடம்தான். ஓஃபாரில் ஒரு மெட்டை நேராகச் சொல்லவே மாட்டார், சந்துபொந்தில் நுழைந்து வருவார்.

கல்லூரிக் கட்டணத்துக்கு மாற்று இல்லையா என்று கேட்பவர்கள் லண்டனைப் பார்க்க வேண்டும். பேஸ் வாசிக்கிற கேரி க்ராஸ்பியும் ஜனீன் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கிய 'டுமாரோஸ் வாரியர்ஸ்' கறுப்பு இளைஞர்களையும் பெண்களையும் மனதில் வைத்து இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. பெண்களுக்கென்றே தனி அமர்வுகள் உண்டு. அங்கிருந்து வந்தவர் ஷீலா மாரிஸ்-க்ரே. மேற்கு ஆப்பிரிக்க நடன இசையும் ஜாஸும் கலந்த 'கோகோரோகோ' குழுவை நடத்துகிறார். அதில் அவர் ட்ரம்பெட் மற்ற ஊதுகருவிகளோடு சேர்ந்து ஒரே மூச்சாக வரும். தனி ஆவர்த்தனத்துக்காகக் காத்திருந்தால் அவரைத் தவறவிட்டுவிடுவீர்கள். யாஸ் அஹமத் பஹ்ரைன் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர், தாய்வழித் தாத்தா ட்ரம்பெட்காரர். அரபு இசையின் கால் சுரங்களை எட்டுவதற்காக நான்காவது பிஸ்டன் வைத்த ஃப்ளூகல்ஹார்னைச் செய்வித்துக்கொண்டார். கமகத்துக்குப் பழகிய நம் காதுகளுக்கு அவர் சீக்கிரம் பிடிபடுவார். ரோசா பார்க்ஸ் உள்ளிட்ட பெண்களுக்காக 2019இல் அவர் செய்த 'பாலிஹிம்னியா'வில் தொடங்கலாம்.

இன்னும் இளையவர்கள் வேண்டுமா? டாக் சீத்தமின் பேரன் தியோ க்ரோக்கர், ஷாங்காயில் பல வருஷம் வாசித்துக்கொண்டிருந்தபோது பாடகி டீ டீ பிரிட்ஜ்வாட்டர் கவனித்து அமெரிக்காவுக்குத் திரும்ப வழி செய்தார். பெரிய பாடகி, வேறொரு கண்டம், கம்பெனி பக்கத்திலேயே இல்லை. ராய் ஹார்க்ரோவ் 2018இல் 49 வயதில் சாகும்வரை நியூயார்க்கின் நள்ளிரவு மேடைகளில் வந்து நின்று சின்னப் பசங்களோடு சமமாக ஊதினார். அப்படி அவரிடம் தேறியவர்களில் ஒருவர் பஹாமாஸிலிருந்து வந்த கிவ்டன் ஜெலின், 1999இல் பிறந்தவர், முதல் இசைத்தட்டு 'ட்ரூ டிசைன்' 2020இல். பிளேக்கியோடு செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அந்தப் பள்ளிக்கூடம், சம்பளம் இல்லாமல், விடிகாலை மூன்று மணிக்கு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த மிலேனா கசாடோவின் முதல் இசைத்தட்டு 2025இல் வந்தது. அதே வருஷம் பால்டிமோரின் ப்ராண்டன் உடி, ப்ளூ நோட்டில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். குழுவின் பெயர் 'உபெண்டோ', ஸ்வாஹிலியில் அன்பு. நியூயார்க்கில் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்ற விதியை மதிக்காமல், சொந்த ஊரில், சொந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து வாசித்தே அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். இந்தக் கட்டுரையைப் படித்து யாராவது கேட்கத் தொடங்கினால் உடியோடு தொடங்கச் சொல்வேன். கேட்கும்போது பியானோவையும் கவனியுங்கள். பேஸ், டிரம்ஸ் வாசிக்கிறவர்களின் பெயரையும் பார்த்து வையுங்கள்.